எல்லாம் பேசியாச்சும்மா

அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகம் இல்லை. அந்த நல்ல மனுஷனால் என்ன நடந்தது என்பதை மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நான் பொறுப்பு நர்ஸ். எங்கள் நிறுவனத்துக்கு மூன்று நிலையங்கள்: கிள்ளானில் ஒன்று, பூச்சோங்கில் ஒன்று, சுங்கை பூலோவில் ஒன்று. தலைமை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறினாலே சாம்பார் வாசனை கூடவே வரும். அவருடைய மேசை அங்கேதான், ஜன்னல் ஓரத்தில்.

அவருக்கு ஒரே வேலை. தண்ணீரைச் சுத்தப்படுத்த ஒரு கம்பெனி, இயந்திரம் பழுது பார்க்க ஒன்று, ஊசியும் ரத்தக் கழிவும் அள்ளிப் போக ஒன்று, அறையைக் குளிரவைக்கிற ஏர்கோனுக்கு ஒன்று, போர்வை வெளுக்க ஒன்று என்று எங்களுக்கு இருபத்தைந்து முப்பது வெண்டர்கள் இருந்தார்கள். யாருடைய ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, யாருடையது முடியப்போகிறது, யாருடையது முடிந்துவிட்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்வதுதான் வேலை. பார்ப்பதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. சொல்வதுதான் அவரால் ஆகாத காரியம்.

கெட்ட செய்தி எதையும் யாரிடமும் அவரால் சொல்ல முடியாது. யார் முகம் வாடினாலும் அவருக்குத் தாங்காது. வாடப்போகிறது என்று தெரிந்தால் போதும், அதற்கு முன்னாலேயே ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிடுவார். "எல்லாம் பேசியாச்சும்மா." அந்த 'மா'வை அவர் சொல்கிற விதத்தில் நமக்கே தூக்கம் வரும். அவ்வளவு இதமாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியை எடுப்பார். ஒருநாள் படிவங்கள் கொடுக்கப் போனவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். எதிர்முனையில் ஏர்கோன்காரர். சாப்பிட்டாச்சா என்று ஆரம்பித்தார். மகளுக்குப் பரீட்சை முடிவு வந்ததா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதா, பங்சாரில் புதிதாகத் திறந்த கடையில் தோசை எப்படி, எல்லாம் விசாரித்தார். ஒவ்வொரு வெண்டரின் கோப்பிலும் முதல் பக்கத்தில் பென்சிலால் பிள்ளைகள் பெயர் எழுதி வைத்திருந்தார். கடைசியில், வியாதியின் பெயரைச் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த கான்ட்ரெக்ட்டு விஷயம்..." என்றார். எதிர்முனை ஏதோ சொன்னது. "சரி சரி பாஸ், மெதுவா பாத்துக்கலாம் லா," என்று வைத்துவிட்டார்.

"என்ன அண்ணே சொன்னாரு?"

"பேசியாச்சும்மா."

கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். நடப்பில் இருப்பதற்குப் பச்சை, முடியப்போவதற்கு மஞ்சள், முடிந்ததற்குச் சிவப்பு. அவர் வேலைக்கு வந்த புதிதில் அதை ஒழுங்காகத்தான் வைத்திருந்தாராம். ஒருநாள் கூட்டத்தில் டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் தலைவர் ஏழெட்டு சிவப்பு வரிகளைப் பார்த்துவிட்டு, "என்ன இது காலங்காத்தால?" என்று மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அந்தப் பட்டியலில் சிவப்பே கிடையாது. முடிந்துபோனதெல்லாம் மஞ்சளுக்கு மாறியது. பக்கத்துக் கட்டத்தில் 'பேசியாச்சு' என்பதை ஆங்கிலத்தில் எழுதி வைப்பார். டத்தோவுக்கு நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. யாருக்குமே தொந்தரவு இல்லாத ஒரு பட்டியல்.

ஏர்கோன் கதையைச் சொல்கிறேன். ஒரு மத்தியானம் எங்கள் நிலையத்தில் ஏர்கோன் நின்றுவிட்டது. பன்னிரண்டு நாற்காலிகளில் பன்னிரண்டு பேர், கையில் ஊசி, எழுந்து போக முடியாது, நான்கு மணி நேரம் வேர்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஏர்கோன்காரரைக் கூப்பிட்டால், ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறார். நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் அடித்துக் கத்தினேன். ஒரு மணி நேரத்தில் நம்முடைய ஆளே வந்து நின்றார். தன்னுடைய பழைய மைவி காரில் நான்கு நிற்கும் விசிறிகளை அடைத்துக் கொண்டுவந்திருந்தார். நான்கும் அவர் வீட்டு விசிறிகள். ஒன்றின் மேல் அவர் மகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர்கள். சட்டையெல்லாம் நனைய நனைய அவரே தூக்கி வந்து ஒவ்வொரு நாற்காலிக்கும் காற்று படுகிற மாதிரி திருப்பி வைத்தார். எல்லோருக்கும் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். நோயாளிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான்காம் நாற்காலி அங்கிள், "தம்பி, நீ ஏர்கோன விட நல்லா குளிரா இருக்கப்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த விசிறிகள் அவர் வீட்டிலேயே சுற்றியிருக்கும். அதைக் கேட்டேன். "டத்தோ மேசையில இருக்கும்மா. நேரம் பாத்து ஞாபகப்படுத்தணும். பேசியாச்சு," என்றார். எதை வேண்டுமானாலும் தூக்கி வருவார். அந்த ஒரு வரியை மட்டும் கொண்டுவர மாட்டார்.

நான்காம் நாற்காலி அங்கிளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். திங்கள், புதன், வெள்ளி காலையில் வருவார், கூடவே அவர் மனைவியும் வருவார். எங்கள் நோயாளிகள் பலர் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை 'பெரிய மிஸி' என்பார், நான் குண்டாக இருக்கிறேன் என்பதற்காக. எடை பார்க்கிற தராசில் ஏறும்போதெல்லாம், "மிஸி, நீயும் ஒரு தடவ ஏறு, எது ஓவர்லோடுன்னு பாத்துருவோம்," என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

தண்ணீர் வெண்டர் ஷா ஆலமில் கடை வைத்திருந்த ஒரு தமிழர். டயாலிசிஸில் ஒருவருக்கு ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினைக் கரித்தொட்டிகள் பிடித்து நிறுத்த வேண்டும். கரி பழசாகிவிட்டால் குளோரின் தாண்டி வரும். வந்தால் ரத்தம் உடலுக்குள்ளேயே சிதையும். அந்தக் கரியைக் காலத்துக்கு மாற்றுவதுதான் அவருடைய ஒப்பந்தத்தில் முக்கியமான வேலை.

அந்த ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை என்றால், அவர்களுடைய ஆள் மாதா மாதம் வந்துகொண்டுதான் இருந்தான். பின்னால் அந்த வெண்டரையே பிடித்துக் கேட்டேன். "எப்படி சிஸ்டர் நிறுத்துறது? என் பொண்ணுக்கு காலேஜ்ல இடம் வேணும்னு அலைஞ்சு வாங்கிக் கொடுத்த மனுஷன் அவரு. கான்ட்ரெக்ட் இல்லன்னு ஆள நிறுத்துனா அவரு மூஞ்சிய எப்படிப் பாக்குறது?" என்றார். அதனால் முகத்துக்காக ஆளை அனுப்பினார். ஒப்பந்தம் இல்லாமல் கரி வாங்க முடியாது என்பதால் கரியை மாற்றவில்லை. ஆள் வருவான், தொட்டியைத் தட்டிப் பார்ப்பான், அட்டையில் 'பார்த்தாச்சு' என்று முத்திரை குத்துவான். நான் கையெழுத்துப் போடுவேன். ஏழு முத்திரை, ஏழு கையெழுத்து. அவர் இவர் முகத்துக்காக, இவர் அவர் முகத்துக்காக. நடுவில் கரி செத்துக்கொண்டிருந்தது.

வெண்டர் மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நம்முடைய ஆள் கூப்பிட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. முதல் நோயாளியை இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன்னால் தினமும் தண்ணீரைச் சோதிப்போம். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து போட்டால் நிறம் மாறக்கூடாது. மாறியது. நல்ல ரோஜா நிறம். திரும்பவும் பிடித்தேன், திரும்பவும் அதே நிறம். இரண்டாவது தொட்டியிலும் அதே. வரவேற்பு அறையில் பன்னிரண்டு பேர் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி விட்டு வந்தவர்கள். சிறுநீர் போகாதவர்களுக்கு இரண்டு நாள் குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். எங்கள் தொழிலில் திங்கட்கிழமைக்குத்தான் பயப்படுவோம். நான்காம் நாற்காலி அங்கிள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வேறு போய் வந்திருந்தார். தராசில் நான்கு கிலோ கூடுதல்.

தண்ணீர் வெண்டரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் அந்த ஏழு மாதக் கதை எனக்குத் தெரிந்தது. கரி வர மூன்று நாளாகும் என்றார். பிரிக்பீல்ட்ஸுக்கு அடித்தேன். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "வந்துடறேன்மா," என்று மட்டும் சொன்னார்.

வந்தார். காலை எட்டு மணியிலிருந்து அந்த மைவியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பூச்சோங்குக்கும் சுங்கை பூலோவுக்கும் ஓடினார். சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைப்பதும், முடியாதவர்களைக் கையில் தாங்கி இறக்குவதும், அங்கே போய் நர்ஸுகளிடம் கெஞ்சுவதும் எல்லாம் அவரேதான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மொத்தம் பதினொரு இடம்தான் கிடைத்தது. கடைசி இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள், நான்காம் நாற்காலி அங்கிளும் இன்னொரு பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது. அங்கிள் அவளைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ண அனுப்பு தம்பி. நான் லோரி ஓட்டுனவன், லோடு தாங்குவேன். எனக்கு நாளைக்கு எங்கனாச்சும் கிடைக்குமா?"

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அங்கிளின் தோளில் கை வைத்து, "பூச்சோங்ல பேசியாச்சு அங்கிள். நாளைக்குக் காலையில ஆறரைக்கு. நேரா போயிருங்க," என்றார்.

பேசவில்லை. எனக்குத் தெரியும். அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் பூச்சோங் பொறுப்பு நர்ஸிடம் நானே பேசியிருந்தேன். நாளைக்கு ஒரு நாற்காலிகூட இல்லை, மிஞ்சுகிறவர்களை இப்போதே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, அங்கே அவசரத்துக்கு மாட்டுவார்கள் என்று அவள் தெளிவாகச் சொன்னாள்.

நான் அங்கேதான் நின்றேன். கைக்கெட்டும் தூரம். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பிறகு அவர் வேறு யாரிடமாவது பேசி வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. காலை ஐந்தரையிலிருந்து நின்ற கால் வலித்தது. மத்தியான ஷிப்ட்டுக்கு வேறு பன்னிரண்டு பேருக்குப் பேச வேண்டும். அந்த வார்த்தை என் தலையிலிருந்து ஒரு ஆளை இறக்கி வைத்தது. அதுதான் அந்த வார்த்தையின் வேலை. எல்லோருக்கும் சுமையை இறக்கி வைக்கும், யார் தலையில் வைக்கிறது என்று மட்டும் சொல்லாது.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே அங்கிளும் ஆன்டியும் கிராப் டாக்சி பிடித்துப் பூச்சோங் போய்விட்டார்கள். பெயர் இல்லை. அங்கே இருந்த சின்ன நர்ஸ், யாராவது வராமல் போனால் மாட்டிவிடுகிறேன், உட்காருங்கள் என்றாளாம். உட்கார்ந்தார்கள். நம்முடைய ஆளுக்கு இரண்டு முறை போன் செய்தார்கள். "பேசிட்டே இருக்கேன் அங்கிள், இதோ ஆயிரும்," என்றாராம். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் அங்கிளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனபோது நுரையீரல் முழுக்கத் தண்ணீர்.

வாயில் குழாய் போட்டுப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். கண் மூடிக் கிடந்தார். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. வெளியே பெஞ்சில் ஆன்டிக்குப் பக்கத்தில் அவர்தான் உட்கார்ந்திருந்தார், கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய இட்லிப் பொட்டலத்தோடு. தினமும் வருகிறாராம். ஆன்டி என்னிடம், "இந்தத் தம்பி இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்னே தெரியல மிஸி," என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கூடவே என்னையும் சேர்த்துக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அங்கிள் பிழைத்தார். ஆனால் குரல் கம்மிப் போனது, நடையும் போனது. பிள்ளைகள் வேறு நிலையத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்காம் நாற்காலியில் வேறு ஒருவர் வந்தார்.

விசாரணைக் கூட்டம் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. டத்தோ மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு நாளா எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அந்தத் தண்ணீர் ஒப்பந்தத்தை நான் அதே மேசையில் பார்த்திருந்தேன். அங்கிள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வேறு ஒரு வேலையாகப் போனபோது, மஞ்சள் ஒட்டுத்தாளோடு, யாரோ கொடுத்த புதுவருஷக் காலண்டர்களுக்கு அடியில் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தார் நம்முடைய ஆள். பேனாவால் வைத்தால் டத்தோவுக்குக் கோபம் வந்துவிடுமாம்.

"டத்தோ மேசையிலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்," என்றேன்.

எல்லோரும் நம்முடைய ஆளைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். மூன்று கடிதங்களும் தேதி வாரியாக அடுக்கிய கோப்பு அவர் கையில் இருந்தது. ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை. "இல்ல டத்தோ. நான் உங்ககிட்ட கொடுக்கவே இல்ல. என் கவனக்குறைவு," என்றார்.

டத்தோ தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

படியில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் அண்ணே பொய் சொன்னீங்க என்று கேட்டேன்.

"எல்லாரு முன்னாலயும் அவருக்குச் சங்கடமா போயிரும்மா."

"அங்கிளுக்குக் குழாய் போட்டாங்களே, அது சங்கடம் இல்லையா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, அந்த ஆளுக்கு நடிக்கத் தெரியாது. "நீ சாப்டியாம்மா?" என்றார்.

அவரே வேலையை விட்டுப் போனார். அலுவலகத்தில் காசு போட்டுக் கேக் வாங்கினார்கள். வாழ்த்து அட்டை ஒன்றை மூன்று நிலையத்துக்கும் சுற்றுக்கு அனுப்பினார்கள். பூச்சோங்கில் அந்தச் சின்ன நர்ஸ்கூட, 'உங்களைப் போல் நல்லவரைப் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தாள். டத்தோ பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார், ஒப்பந்தத்தில் போடாத கையெழுத்து. நான் போடவில்லை. அதற்காக என்னை மனசாட்சி இல்லாதவள் என்று பேசினார்கள். அங்கிளைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவருடைய இடத்தில் வந்த பெண் சிவப்பைச் சிவப்பு என்று போடுகிறாள். அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அவள் போன் செய்தால் வெண்டர்கள் முணுமுணுக்கிறார்கள். முந்தின ஆள் எவ்வளவு அன்பாகப் பேசுவார் தெரியுமா என்கிறார்கள். கரி மட்டும் காலத்துக்கு மாறுகிறது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தார். ஒரு மண்டபத்தில் கல்யாணத் தேதி பதிவு செய்கிற வேலையாம். எனக்குப் பயமாகிவிட்டது, ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளைக்கு 'பேசியாச்சு' சொல்லிவிடுவார் என்று. அதைச் சொல்லவும் சொன்னேன். சிரித்தார். பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். ஆனால் வேறொன்றைச் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு நீங்க அங்கிள்கிட்ட பூச்சோங் பேசியாச்சுன்னு சொன்னப்ப, அங்க இடம் இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் பேசாம நின்னேன். ஒரு தடவ அங்கிள நேர்ல பாத்து அத சொல்லிடணும். அவரு எப்படி இருக்காரு? நீங்க போவீங்களே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டினார்.

"நல்லா இருக்காரும்மா. ஒண்ணும் கவலப்படாத. போய்ப் பாரு."

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். டயாலிசிஸ் நோயாளி அளவோடு சாப்பிடக்கூடிய பழம் அது. காரில் போகும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் எப்படியும் ஓவர்லோடு ஜோக் ஒன்று அடிப்பார், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆன்டிதான் கதவைத் திறந்தார். கூடத்தில் அங்கிளின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சின்ன மின்விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நான் படத்தையும் ஆன்டியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ரெண்டு மாசம் ஆச்சு மிஸி," என்றார் ஆன்டி. பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியாதா? அந்தத் தம்பிதான் கூடவே இருந்து எல்லாம் பாத்தாரு. கூடாரம் போட்டது, வேன் சொன்னது, தூக்குனது எல்லாம். பெரிய மிஸிக்கும் ஒரு வார்த்த சொல்லிருங்கன்னு சொன்னேனே. மிஸிகிட்ட பேசியாச்சு ஆன்டின்னாரு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் என் முகத்தை அந்த மனுஷன் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அங்கிளைத் தூக்கிக்கொண்டு போன தோள், அந்தத் தோளோடு நின்றுகொண்டுதான் என் தோளில் தட்டினார். கையில் கிடைத்ததை எறிந்து உடைக்க வேண்டும் போலிருந்தது. அவர் எதிரில் இல்லை. அங்கிளும் இல்லை. ஆன்டி மட்டும் இருந்தார்.

சொன்னேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். அன்றைக்குப் பூச்சோங்கில் இடமில்லை என்று எனக்குத் தெரியும், யாரும் யாரிடமும் பேசவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்றேன்.

ஆன்டி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"இப்ப வந்து சொல்றியேம்மா," என்றார்.

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் செருப்பை மாட்டியதும் ஆப்பிள் பையை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.